மூன்று மணிப் படத்துக்காகக் காத்திருப்பவர்கள்

தை பாதி தாண்டிவிட்டால் எங்கள் வட்டத்தில் ஒரே கேள்விதான் சுற்றிக்கொண்டிருக்கும்: "லிஸ்ட் ரெடியா?" புதுச்சேரி நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் எதிரே வந்தாலும் கேட்பார்கள், கடற்கரைச் சாலையில் காலை நடையில் பார்த்தாலும் கேட்பார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வரும் நண்பர் ஒருவர் போனை எடுத்ததும் நலம் விசாரிப்பதற்கு முன்பே இதை விசாரித்துவிடுவார். மாசியில் ஒரு சனிக்கிழமை மாலை 6 மணிக்கு உட்கார்ந்தால் மறுநாள் காலை 8 மணி வரை அறிவியல் புனைவுப் படங்கள் மட்டுமே, ஒன்று முடிந்ததும் அடுத்தது. லாஸ்பேட்டையில் ஒரு நண்பரின் வீட்டு மாடி, ஒரு புரொஜெக்டர், வெள்ளைத் திரை, பாய்கள், தலையணைகள், பெரிய பிளாஸ்க்குகளில் டீ. ஆட்கள் முப்பதைத் தாண்டியதில்லை. ஏழு படங்கள். ஆறின் பெயர் முன்கூட்டியே தெரியும். விடியற்காலை 3 மணிக்குப் போடும் படம் மட்டும் யாருக்கும் தெரியாது. எல்லாரும் காத்திருப்பது அதற்காகத்தான்.

எந்தப் படமும் கைப்பேசியிலேயே கிடைக்கிறது, அப்புறம் எதற்கு இத்தனை பேர் ஒரு மாடியில் கண்விழிக்க வேண்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விளக்கம் கொஞ்சம் நீளமானது.

சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்களை ஆண்டுக்கொரு முறை இப்படி அடுக்கிப் பார்க்கும் 'மாரத்தான்' வழக்கத்தில் பேர் போன இரண்டு நிகழ்ச்சிகள் அமெரிக்காவில் 1976இல் தொடங்கின. ஒன்று, ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில், கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்துத் திரைப்படச் சங்கம் நடத்துவது. ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு விளக்கை அணைத்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் முடியும். முப்பது மணி நேரத்துக்கு மேல். நிகழ்ச்சி நிரலில் சில இடங்களில் படத்தின் பெயர் இருக்காது. திரையில் வரும்போதுதான் தெரியும். இன்னொன்று, பாஸ்டனை ஒட்டியிருக்கும் கேம்பிரிட்ஜில் ஆர்சன் வெல்ஸ் சினிமா என்ற தியேட்டரில் தொடங்கியது. பிப்ரவரியில் அதிபர் தின விடுமுறையை ஒட்டி, ஞாயிறு நண்பகலிலிருந்து திங்கள் நண்பகல் வரை சரியாக 24 மணி நேரம். 24½ஆம் நூற்றாண்டில் நடப்பதாக வரும் 1953ஆம் ஆண்டு கார்ட்டூன் ஒன்றை வருடம் தவறாமல் போடுவார்கள். எத்தனையோ தடவை பார்த்த கார்ட்டூனுக்குத் தியேட்டரே கைதட்டும்.

அந்த ஆர்சன் வெல்ஸ் தியேட்டர் 1986இல் தீப்பிடித்து எரிந்துபோனது. நிகழ்ச்சி நிற்கவில்லை. ஊருக்குள் தியேட்டர் தியேட்டராக மாறி, பிறகு பல ஆண்டுகள் சாமர்வில் தியேட்டரில் நடந்தது. இடம் போனபோதும் அந்த பிப்ரவரி வார இறுதியை அவர்கள் விடவில்லை. இதைப் படித்தபோதுதான் இந்த நிகழ்ச்சி படங்களை மட்டும் நம்பி நிற்கவில்லை என்று எனக்கு உறைத்தது.

1976 என்ற ஆண்டையும் கவனிக்க வேண்டும். பெட்டாமேக்ஸ் வீடியோ கேசட் 1975இல் வந்தது, விஎச்எஸ் 1976இல் வந்தது. வீட்டில் படம் போட்டுப் பார்க்கும் கருவி அப்போதுதான் கண்ணைத் திறந்துகொண்டிருந்தது. ஐம்பதுகளில் எடுத்த பறக்கும் தட்டுப் படம் ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டால், யாராவது பிரிண்ட் வரவழைத்தால்தான் உண்டு. இல்லையென்றால் தொலைக்காட்சியில் பின்னிரவில் போடும் வரை காத்திருக்க வேண்டும். ஆகவே அந்தக் காலத்து ரசிகருக்கு மாரத்தான் ஒரு தேவை. பத்தே ஆண்டுகளில் வீடியோ கேசட் அந்தத் தேவையைத் தீர்த்துவிட்டது. பிறகு டிவிடி, பிறகு ஓடிடி. தேவை தீர்ந்த பிறகும் நாற்பது ஆண்டுகளாகக் கூட்டம் வந்துகொண்டே இருக்கிறது. விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இது விளங்காத விஷயமே இல்லை. சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் தியேட்டர்களில் விடிய விடியப் படம் ஓட்டிய ஊர்கள் இவை. இரவுக் காட்சி முடியும், யாரும் எழுந்து போக மாட்டார்கள், அடுத்த படம் ஆரம்பிக்கும், அதற்கப்புறம் இன்னொன்று. பெரும்பாலும் பழைய பக்திப் படம், அல்லது எம்.ஜி.ஆர், சிவாஜி படம். கண்விழிப்பது விரதம், அதற்குப் படம் துணை. எண்பதுகளில் அதுவே தெருவுக்கு வந்தது. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுப்பார்கள். ஒரு ராத்திரிக்கு மூன்று கேசட். முதல் இரண்டைச் சொல்லிவைத்து வாங்குவோம். மூன்றாவது, கடைக்காரர் கையில் எது இருக்கிறதோ அது. எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கும் படங்கள் பலவும் அந்த மூன்றாவது கேசட்டில் வந்தவைதான்.

2026இல் ஒரு பொருத்தம் அமைந்தது. மகா சிவராத்திரி பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்க அதிபர் தினம் மறுநாள். பாஸ்டன் வழக்கப்படி ஞாயிறு நண்பகல் என்றால் நமக்கு இரவு 10.30. நம் கோயில்களில் இரண்டாம் கால பூஜை நெருங்குகிற நேரம்.

இன்னும் பின்னால் போனால் கூத்து இருக்கிறது. கடலூர், விழுப்புரம், புதுச்சேரி சுற்றுவட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத பகுதியைக் காண்பது கடினம். பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும், நாள்கணக்கில். கதை எல்லாருக்கும் தெரியும். துகில் உரியும்போது என்ன ஆகும், அபிமன்யு எப்படிச் சாவான் என்று கேட்டால் பாயில் படுத்திருக்கும் பிள்ளைகூடச் சொல்லும். இருந்தும் ஒரு வருடம் காத்திருந்து வருகிறார்கள். நடுச்சாமம் தாண்டித் தூக்கம் தள்ளும்போது கட்டியங்காரன் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துக் கூட்டத்தை நிமிர்த்துவான். பிள்ளைகள் தூங்கிவிட்டால், முக்கியமான கட்டம் வரும்போது எழுப்பிவிடும்படி பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுத் தாய்மார்களும் கண்ணயர்வார்கள். எழுப்புவதற்கு ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு தூங்குவதும் இரவு முழுக்கப் பார்ப்பதில் சேர்த்திதான். எங்கள் மாடியிலும் அப்படித்தான். "ராக்கெட் கிளம்பும்போது எழுப்பு தம்பி" என்று சொல்லிவிட்டுச் சாயும் அக்கா ஒருவர் இருக்கிறார். எழுப்பாவிட்டால் காலையில் பேச மாட்டார்.

விடிய விடிய நாடகம் நடந்த காலத்தின் தலைமகன் சங்கரதாஸ் சுவாமிகள் தம் கடைசிக் காலத்தைக் கழித்து 1922இல் மறைந்ததும் புதுச்சேரியில்தான். கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. புதுச்சேரி அரசு ஆண்டுதோறும் நல்ல படத்துக்குக் கொடுக்கும் விருதுக்கு அவர் பெயர்தான். இந்த ஊரில் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் நடுவே சுவர் கிடையாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எங்கள் மூன்று மணிப் படத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஓய்வுபெற்ற தியேட்டர் ஆபரேட்டர். எழுபதைத் தாண்டியவர், நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். கார்பன் குச்சி எரித்து ஒளி உண்டாக்கிய புரொஜெக்டரில் தொழில் கற்றவர். எதிர்பார்ப்பு என்ற சொல்லை அவர் சொல்வதில்லை. "பெட்டி வந்துடுச்சா" என்பார். படச்சுருள் தகரப் பெட்டியில் பஸ்ஸிலோ ரயிலிலோ வரும். பெரிய நடிகர் படம் என்றால் பெட்டிக்கு மாலை போட்டு மேளத்தோடு கூட்டிவருவார்கள். ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டர்கள் பங்கிட்டுக்கொள்வதும் உண்டு. இங்கே முதல் ரீல் முடிந்ததும் சைக்கிளில் ஒரு பையன் எடுத்துக்கொண்டு அங்கே பறப்பான். சைக்கிள் பஞ்சர் ஆனால் அங்கே விளக்கைப் போட்டுவிட்டு மொத்தத் தியேட்டரும் காத்திருக்கும்.

ஒருமுறை அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 35 மில்லிமீட்டர் படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். விநாடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). 2000 அடி ரீல் ஒன்று சுமார் 22 நிமிடம். அது முடியப்போகிறது என்பதற்கு அடையாளமாகத் திரையின் வலது மேல் மூலையில் சின்ன வட்டம் ஒன்று கண்சிமிட்டும். அதைப் பார்த்து இரண்டாவது புரொஜெக்டருக்கு மாற்ற வேண்டும். பாஸ்டன்காரர்களின் 24 மணி நேரத்துக்கு இதே கணக்கைப் போட்டால் 1,29,600 அடி, அதாவது 39 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். புதுச்சேரி ரயில் நிலையத்தில் சுருளின் ஒரு முனையைக் கட்டிவிட்டுத் தண்டவாளத்தோடு விரித்துக்கொண்டே போனால் விழுப்புரம் வந்துவிடும். சட்டகங்கள் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600. ஐயா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அத்தனையும் ஒருத்தன் கையால மாட்டணும்" என்றார்.

படங்களைத் தேர்ந்தெடுப்பதைவிட வரிசைப்படுத்துவதுதான் கடினம். முதல் ஆண்டு, மெதுவாக நகரும் ஆழமான படம் ஒன்றை 3 மணிக்கு வைத்தோம். அமைதியான நேரத்தில் அமைதியான படம் பொருந்தும் என்று நினைத்தோம். அரை மணி நேரத்தில் முக்கால்வாசிப் பேர் தூங்கிவிட்டார்கள். அது படத்தின் குற்றம் இல்லை. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது, தூக்கம் அழுத்துகிறது. கூடவே உடலின் உள்கடிகாரம் வேறு. உடல் வெப்பம் இரவில் குறைந்துகொண்டே வந்து, விடிவதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பு அடித்தளத்தைத் தொடும். இரண்டும் சேர்ந்து இழுக்கிற நேரம் 3 மணியிலிருந்து 5 மணி வரை. கண் திறந்திருக்கும்போதே சில விநாடிகள் மூளை அணைந்து எரியும். டீயில் இருக்கும் காஃபின் அடினோசின் போய் உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான், சேர்ந்ததை அகற்றுவதில்லை. குடித்ததில் பாதி வெளியேற சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். அதனால் எங்களிடம் 11 மணிக்கு ஒரு டீ, 2.30க்கு ஒரு டீ, அதற்குப் பிறகு சுக்குக் காப்பிதான். மறுநாள் வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டுமே. கடலூர்க்காரர்கள் வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது, பஸ்ஸில்தான் போக வேண்டும் என்பதும் கட்டாயம். இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை.

மூன்று மணிக்கு வேண்டியது கட்டியங்காரன். சத்தம், ஓட்டம், ரப்பர் உடம்போடு வரும் பூதம், நூலில் தொங்கும் விண்கலம். பகலில் பார்த்தால் பத்து நிமிடம்கூடத் தாங்காத படம், அந்த நேரத்தில் முப்பது பேரையும் எழுந்து உட்கார வைக்கும். அரைத் தூக்கத்தில் இருக்கும் மனத்துக்குக் கதையில் இருக்கும் ஓட்டை தெரிவதில்லை, வியப்பு மட்டும் தெரிகிறது. ஐயா இந்த நேரத்துக்குத் தேர்ந்தெடுக்கும் படங்களைப் பார்த்தால், ஐம்பது ஆண்டுகள் இரவுக் காட்சிக் கூட்டத்தைச் சின்னச் சதுரத் துளை வழியே பார்த்தவர் என்பது புரியும்.

சரி, ஏன் அறிவியல் புனைவு? காதல் படங்களையோ சண்டைப் படங்களையோ இப்படி அடுக்கலாமே? அடுக்கலாம்தான். ஆனால் எதிர்காலத்தைக் கற்பனை செய்த படங்களை ஆண்டு வரிசையில் பார்க்கும்போது வேறொன்று நடக்கிறது. 1982இல் வந்த பிளேட் ரன்னர் படத்தின் கதை 2019 நவம்பரில் நடக்கிறது. எங்கள் குழுவில் சிலர் பிறப்பதற்கு முன்பு எடுத்த படம் காட்டும் எதிர்காலம், அவர்களுக்குக் கல்லூரி முடித்த வருடம். ஒவ்வொரு படமும் தான் எடுக்கப்பட்ட காலத்தின் பயத்தையும் ஆசையையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஏழு படங்கள் தொடர்ந்து பார்த்தால் ஏழு காலத்து மனிதர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பது ஒரே இரவில் கண்முன்னே வந்துபோகும். தனித்தனியாக ஏழு மாதத்தில் பார்த்தால் இது கிடைக்காது.

2024இல் நாங்கள் முதலில் போட்டது ஜார்ஜ் மெலியெஸ் 1902இல் எடுத்த நிலவுப் பயணப் படம். பதினைந்து நிமிடம்கூட வராது. ராக்கெட் போய் நிலவின் கண்ணில் குத்தும் காட்சி உலகம் முழுக்கத் தெரிந்தது. முந்தைய ஆகஸ்ட் 23 மாலை 6.04க்குச் சந்திரயான்-3 மெல்லத் தரையிறங்கியதை அங்கே இருந்த எல்லாரும் நேரலையில் பார்த்திருந்தோம். அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் பக்கத்து விழுப்புரத்துக்காரர். அன்றைக்கு மெலியெஸின் ராக்கெட் குத்தியபோது ஒரு சிறுமி சத்தமாக, "மெதுவா இறக்கணும்!" என்றாள். நூற்றிருபது ஆண்டுகளை ஒரு குழந்தை இரண்டு வார்த்தையில் கடந்துவிட்டாள். இந்த மாரத்தானில் எனக்குக் கிடைத்த நல்ல தருணங்களில் அதற்கு நிகராக இன்னொன்றைச் சொல்ல மாட்டேன்.

தமிழிலிருந்தும் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. 1963இல் ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து வந்த கலை அரசியை இளைஞர்கள் பலர் கேள்விப்பட்டதே இல்லை. வேற்றுக் கிரகத்தார் வருகிறார்கள். அவர்களிடம் விஞ்ஞானம் வளர்ந்திருக்கிறது, கலை இல்லை. அதனால் இசை கற்றுக்கொடுக்க பூமியிலிருந்து ஒரு பாடகியைக் கொண்டுபோகிறார்கள். வேற்றுக் கிரகத்தாரைக் காட்டிய முதல் இந்தியப் படமாக இதைத்தான் சொல்கிறார்கள். வேற்றுக் கிரகத்தார் பூமிக்கு எதற்கு வருவார்கள் என்று யோசித்தால், பிடிக்க வருவார்கள், அழிக்க வருவார்கள் என்றுதான் பெரும்பாலான படங்களுக்குத் தோன்றியிருக்கிறது. பாட்டுக் கற்றுக்கொள்ள வருவார்கள் என்று தோன்றியது தமிழ் சினிமாவுக்கு. இதற்காகவே அந்தப் படத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

காத்திருப்பு என்று பேச வந்தால் புதுச்சேரியில் ஒருவரை விட்டுவிட்டுப் பேச முடியாது. கியோம் லெ ஜான்தி, பிரெஞ்சு வானியலாளர். வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்து போகும் அரிய நிகழ்வை உலகின் பல மூலைகளிலிருந்து ஒரே நேரத்தில் அளந்தால், சூரியன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணக்கிடலாம். அதற்காக 1760இல் பிரான்சிலிருந்து கிளம்பினார். போக வேண்டிய இடம் புதுச்சேரி. வந்து சேர்வதற்குள் 1761 ஜனவரியில் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஜூன் 6 அன்று வெள்ளி கடந்தபோது அவர் நடுக்கடலில், ஆடும் கப்பலில். அளவு எடுக்க முடியவில்லை. அடுத்த கடப்பு எட்டு ஆண்டு கழித்து. அவர் ஊர் திரும்பவில்லை. இந்தியப் பெருங்கடல் தீவுகளிலும் மணிலாவிலும் சுற்றிவிட்டு 1768இல் புதுச்சேரிக்கு வந்து, இடிபட்டுக் கிடந்த கோட்டையில் வானாய்வு மேடை அமைத்துக்கொண்டார். காத்திருந்த நாள்களில் நம் தமிழ்க் கணியர்கள் சோழி வைத்துக் கிரகணம் கணிக்கும் முறையையும் கற்று எழுதி வைத்தார். 1769 ஜூன் 4 காலை வந்தது. மேகம் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்த பிறகு வெயில் அடித்தது. அவர் விட்டுவந்த மணிலாவில் அன்றைக்கு வானம் தெளிவு. 1771இல் ஊர் திரும்பினால் இறந்துபோனார் என்று முடிவுகட்டி அவர் சொத்தைப் பங்கு போட்டிருந்தார்கள்.

இந்தக் கதையை நான் ஒவ்வோர் ஆண்டும் முதல் படத்துக்கு முன்பு சொல்வேன். பழைய ஆட்களுக்கு மனப்பாடம். மேகம் மூடும் இடம் வரும்போது எனக்கு முன்னாலேயே "ஐயோ" என்பார்கள். அடுத்து வெள்ளி கடந்தது 1874இல். அதை லெ ஜான்தி பார்க்க வழியே இல்லை. எங்களுக்கோ, ஒரு வருடம் தவறினால் அடுத்த மாசி வரும். மாசியைத் தேர்ந்தெடுத்ததற்கும் மேகம்தான் காரணம். மார்கழி விடுமுறையில் வைக்கலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்ததையும், அதற்கப்புறம் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததையும் அனுபவித்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.

பெரிய தியேட்டரில் நடத்தலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆசை எங்களுக்கும் இருக்கிறது. ஆனால் வழக்கமான காட்சிகளுக்கு மேல் ஓட்ட வேண்டுமென்றால் அரசின் தனி அனுமதி வேண்டும். பொதுமக்களுக்குக் காட்டும் எந்தப் படத்துக்கும் 1952ஆம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டப்படி தணிக்கைச் சான்று வேண்டும். உரிமையாளரிடம் திரையிடும் அனுமதியும் வாங்க வேண்டும். ஏழு படம் என்றால் ஏழு இடம். நம் காப்புரிமைச் சட்டத்தில் திரைப்படத்தின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. அந்தக் கணக்கில் கலை அரசியின் பட உரிமை 2023 முடிவோடு தீர்ந்தது. பாடல் வரிக்கும் இசைக்கும் வேறு கணக்கு. நல்ல பிரிண்ட் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பெரிய திரையில் அந்த வேற்றுக் கிரகத்துப் பாட்டு வகுப்பைக் காட்ட வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் திட்டம். அதற்கான கடிதங்களை எழுத ஆரம்பித்திருக்கிறோம்.

இந்த ஆண்டு பட்டியலில் ஆறு படங்கள் முடிவாகிவிட்டன. மஞ்சக்குப்பம் நண்பர் தன் அப்பாவையும் கூட்டிவருகிறார், அதனால் நாற்காலிகள் கூடுதலாகச் சொல்லியிருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை ஐயாவைப் பார்க்கப் போயிருந்தேன். பேரன் வாங்கிக் கொடுத்த விரல் நீளப் பென்டிரைவ் ஒன்று மேஜைமேல் கிடந்தது. அதில்தான் இருக்கிறது என்று தெரியும். மூணு மணிக்கு என்ன படம் ஐயா, எனக்கு மட்டும் சொல்லுங்கள் என்றேன். அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பெட்டி இன்னும் வரலப்பா."